முதலாளியின் நேர்கோடு

முதலாளியின் அறையிலிருந்து மீட்டர் வெளியே வந்தபோது, டீ குடித்துக்கொண்டிருந்த மொத்த ஆலையும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது.

"என்ன? மூஞ்சில ஏதாவது ஒட்டியிருக்கா?" என்றார் மீட்டர்.

ஒருவர் கையிலிருந்த டம்ளரால் சுவரைக் காட்டினார். சுவரில் பெரிய திரை. திரையில் ஆளுக்கொரு கோடு. எல்லாக் கோடுகளும் பச்சையாகச் சமர்த்தாகப் படுத்திருக்க, ஒன்று மட்டும் சிவப்பாக உச்சிக்கு ஏறி, இப்போதுதான் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் மீட்டரின் பெயர் இருந்தது.

"நூத்தி இருபது சார்! உள்ள என்ன நடந்துச்சு? திட்டினாரா?"

"சேச்சே. இன்னிக்கு ரெண்டு கண்டு நூல் தேறலன்னு சொன்னேன். 'சரி போ'ன்னாரு. வந்துட்டேன்."

"பயந்துட்டீங்களோ?"

"இல்லையே. சாதாரணமாத்தான் இருந்தேன்."

"கோடு பொய் சொல்லுமா சார்?"

கோடு பொய் சொல்லாது என்று எழுத்துமூலம் உத்தரவாதம் கொடுத்ததே மீட்டர்தான்.

இந்த ஆலையில் நூலுக்கு வெள்ளிப் பூச்சு போடுகிறார்கள். பளபளப்புக்காக இல்லை. நைலான் நூலைத் தொட்டி தொட்டியாக முக்கி எடுத்து, மேலே மெல்லியதாக ஒரு வெள்ளித் தோலைப் போர்த்திவிட்டால், அந்த நூலில் மின்சாரம் ஓடும். துணி மாதிரி மடங்கும், கம்பி மாதிரி வேலை செய்யும். அதைப் பனியனில் சேர்த்துப் பின்னினால், போட்டுக்கொண்டவரின் நெஞ்சுத் துடிப்பை நூல் பிடித்துக் கொடுக்கும். நெஞ்சுக்கு நேராகக் காசளவில் ஒரு பொத்தான் உண்டு. டிச் பட்டன் மாதிரி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் கழன்றுவிடும். துடிப்பை எண்ணி, அவரவர் பெயரில் திரைக்கு அனுப்புவது அந்தப் பொத்தான்தான்.

நூலில் மின்சாரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துச் சொல்வது மீட்டரின் வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு மீட்டர் இருக்கும். அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர் தொங்கும். நூலின் இரண்டு முனையிலும் ஊசியை வைத்து எண்ணைப் பார்த்துவிட்டு, "தேறும்" என்பார், அல்லது "தேறாது" என்பார். மூன்றாவது வார்த்தை கிடையாது. பழக்கதோஷம், சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் கரண்டியைக்கூட அளந்து பார்க்காமல் விடமாட்டார். அதனால் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோய், ஊர் உலகத்துக்கே அவர் மீட்டர் ஆகிவிட்டார்.

தினமும் சாயங்கால டீக்கு முதலாளியின் அறைக்குப் போய், அன்றைய நூல் தேறியதா தேறவில்லையா என்று சொல்லிவிட்டு வரவேண்டும். பல வருஷமாக நடக்கிற காரியம். முதலாளி கால்மேல் கால் போட்டுக் கேட்பார். பக்கத்திலிருக்கும் தண்ணீரை மடக்மடக்கென்று குடிப்பார். "சரி போ" என்பார். அவ்வளவுதான்.

இந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவர் ஆலோசகர். ஆலையை முன்னேற்றுவதற்காக முதலாளி எங்கிருந்தோ பிடித்துவந்த மனிதர். முன்னேற்றம் என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியாததால் அவருக்கு வேலை சுலபமாக இருந்தது.

"பனியன் வாங்க வெளியூர்லேருந்து பெரிய பார்ட்டி வராங்க. நம்ம ஆளுங்களே போடாத பனியனை அவங்க ஏன் வாங்கணும்? அதனால இன்னிலேருந்து அதிகாரிங்க எல்லாரும் ராப்பகலா இதைப் போட்டுக்கணும். எல்லார் துடிப்பும் சுவர்ல தெரியணும். புதுப் பூச்சுப் பிரிவுக்குத் தலைவர் போடணும்ல? யார் கோடு நிதானமா இருக்கோ அவருதான் தலைவர்! நிதானமே நிர்வாகம்!"

முதலாளி கைதட்டினார். முதலாளி தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள்.

பொத்தான்களைத் தட்டில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொருவரிடமும் கொண்டுவந்து கொடுத்தவர் தையல் அக்கா. பனியனுக்கு மூட்டுத் தைப்பதும் துவைத்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. எல்லாப் பொத்தானும் ஒரே அச்சு. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்துக்கொண்டு வர, முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா ஊர்வலமா போற? சட்டுன்னு குடுத்துட்டுப் போ!"

அந்தக் குரலில் அக்காவின் கையிலிருந்த தட்டே கடகடவென்று ஆடியது. மிச்சமிருந்த இரண்டையும் முதலாளிக்கும் மீட்டருக்கும் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தையல் அறைக்குள் ஓடிவிட்டார்.

பூச்சுப் பிரிவுத் தலைவர் நாற்காலி என்றால் மீட்டருக்கு உயிர். நாற்காலி இல்லாமலே அந்த வேலையைத்தான் அவர் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டிக்கு இருந்த ஒரே ஆள் முதலாளியின் மைத்துனர், பேக்கிங் பிரிவு. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவர் காலையில் ஒரு தூக்கம், மத்தியானம் ஒரு தூக்கம் போடுவார். இடையில் களைப்பாக இருந்தால் கொஞ்சம் ஓய்வெடுப்பார். இந்த ஆளை ஜெயிப்பது என்ன பிரமாதம் என்று மீட்டர் நினைத்திருந்தார்.

இப்போது பார்த்தால் மைத்துனரின் கோடு பச்சை. மீட்டரின் கோடு தினமும் டீ வேளையில் சிவப்பு. எல்லாருக்கும் மேலே, தடித்த எழுத்தில், முதலாளியின் கோடு. அது ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக ஓடியது.

"இதுதான்யா தலைமைப் பண்பு!" என்று ஆலோசகர் அந்தக் கோட்டைப் படமெடுத்துப் பெரிதாக அச்சடித்து, வாசலில், சாப்பாட்டுக் கூடத்தில், கழிவறைக் கதவில் எல்லாம் ஒட்டினார். கீழே 'முதலாளியின் கோடு, நமக்கெல்லாம் ஏணி' என்று எழுதியிருந்தது. நேராகப் படுத்திருக்கிற கோட்டில் எப்படி ஏறுவது என்று மீட்டருக்குப் புரியவில்லை.

ஆலோசகர் மீட்டரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முதலாளி ரூமுக்குள்ள நுழைஞ்சதும் உங்களுக்கு எகிறுது. ஆழ்மனசுல பயம் இருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்."

"தெரியாது. அதனாலதான் அது ஆழ்மனசு. உள்ள போறதுக்கு முன்னாடி கதவுக்கு வெளிய நின்னு மூச்சை நல்லா இழுத்து விடுங்க. அவசரப்படாதீங்க."

மறுநாள் மீட்டர் அப்படியே செய்தார். முதலாளியின் அறைக்குக் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே நின்று கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். உள்ளேயிருந்து முதலாளி பார்த்தார். வழக்கமாக 'தேறும், தேறாது' என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள், இன்று கண்ணை மூடிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்று பெருமூச்சு விடுகிறார். முதலாளி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டார்.

மீட்டர் உள்ளே போய், சாந்தமாகப் புன்னகைத்து, "எல்லாம் தேறிடுச்சு முதலாளி" என்றார்.

வெளியே வந்தால் கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நூற்று முப்பத்தைந்து.

"கதவுக்கு வெளியவே எகிற ஆரம்பிச்சுடுச்சு சார்" என்றார் டம்ளர்காரர். "மூச்சு விட விட ஏறுது!"

மீட்டர் பயந்துபோய்ச் சுவரைப் பார்த்தார். ஆச்சரியமாக, அந்தக் கணத்தில் அவருடைய கோடு தன் பாட்டுக்கு இறங்கிப் பச்சையாகிவிட்டது. முதலாளியின் நேர்கோட்டில்தான் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு சின்ன மேடு தெரிந்தது. அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

ஆலையோடு போயிருந்தால் பரவாயில்லை. 'குடும்பமும் பங்கெடுக்கட்டும்' என்று ஆலோசகர் அந்தக் கோட்டை வீட்டிலுள்ளவர்களின் போனிலும் தெரியும்படி செய்துவைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, மீட்டர் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மனைவி அவரைப் பிடித்து உலுக்கினாள்.

"யாருங்க அவ?"

"எவ?"

"கனவுல வந்தவ."

"கனவே வரலம்மா. நல்லா தூங்கிட்டு இருந்தேன்."

"பொய் சொல்லாதீங்க!" போனை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். கோடு செக்கச்செவேல் என்று இருந்தது. "வெளிய குறட்டை, உள்ள நூத்தி நாப்பது! நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட உங்களுக்கு இப்படி அடிச்சிருக்காது."

"அன்னிக்கு அளக்கலையேம்மா" என்றார் மீட்டர். தூக்கக் கலக்கத்தில் உண்மை பேசினால் இப்படித்தான். அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடைசியில், தன் மானத்தைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். பனியனைக் கழற்றிக் கட்டிலில் விரித்தார். பொத்தானைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். அதன் உள்பக்கத்தில் அழகுக்கு வைத்த மாதிரி சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு மீட்டரை எடுத்து, வெள்ளி நூல் ஓடுகிற தடம் முழுக்க, மூட்டு மூட்டாக, ஊசியை வைத்து அளந்தார். கோளாறு நூலில்தான் என்று நிரூபித்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

அளக்க அளக்க அவர் முகம் மலர்ந்தது. தொழில் பெருமை.

"பாத்தியா! ஒரு இழை பழுதில்ல. அருமையான பூச்சு. நான் தேறும்னு சொன்னா தேறும்!"

மனைவி அவரையே பார்த்தாள். அவள் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அப்போ நூல்ல கோளாறு இல்லையா?"

"இல்லவே இல்ல."

"அப்படின்னா கோளாறு நெஞ்சுலயாங்க?" என்று கேட்டுவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள்.

மீட்டருக்கு இப்போதுதான் உறைத்தது. அவர் அளக்கத் தெரிந்த பொருளெல்லாம் சரியாக இருந்தது. மிச்சமிருந்தது அவர்தான்.

மறுநாள் காலை டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"எழுபது. ஜம்முன்னு இருக்கு. எதுக்கு வந்தீங்க?"

மனைவி போனை நீட்டினாள். கோடு தொண்ணூற்றெட்டில் இருந்தது. டாக்டர் போனைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். தன் ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"இது பழசாயிடுச்சு" என்று அதைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். "போன் சொல்றதுதான் கரெக்டா இருக்கும். மாத்திரை எழுதித் தரேன். உப்பைக் குறைங்க, காபியை நிறுத்துங்க, வாக்குவாதம் வேண்டாம்."

"நான் எங்க டாக்டர் வாக்குவாதம் பண்றேன்?"

"பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டீங்க."

அன்றிலிருந்து மீட்டருக்கு வேகவைத்த காய்தான் சாப்பாடு. மாத்திரையோ, ஒன்று போட்டால் உலகமே பஞ்சு மூட்டையாகத் தெரிகிற ரகம். நடந்துகொண்டே கொட்டாவி விட்டார். நின்றுகொண்டே கண்ணயர்ந்தார்.

அந்த வாரம் முதலாளியின் கோடு இன்னும் நேரானது. "தியான நிலை!" என்று ஆலோசகர் பூரித்துப்போய்ப் புதுப் படம் அச்சடித்தார். முதலாளி எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"எனக்கு மட்டும் கவலை இல்லையா? எல்லாம் இருக்கு. வீட்ல மாமியார் வேற வந்து உக்காந்திருக்காங்க. ஆனா என் கோட்டைப் பாருங்க, அசையுதா? மனசைக் கட்டுப்படுத்தணும். மீட்டர், உனக்குத்தான் சொல்றேன், தூங்காத!"

"இல்ல முதலாளி" என்று மீட்டர் திடுக்கிட்டு விழித்தார்.

மாத்திரை மயக்கம் கடைசியில் ஆளையே கவிழ்க்கப் பார்த்தது. பூச்சுத் தொட்டிகளுக்கு மேலே ஒரு இரும்பு நடைபாதை. அதில் கொட்டாவி விட்டபடி போன மீட்டருக்குக் கால் வழுக்கியது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே வெள்ளிக் கரைசல் பளபளக்க, அந்தரத்தில் தொங்கினார்.

"யாராவது வாங்களேன்!" என்று அலறினார்.

ஆலையே எழுந்து ஓடியது. அவரை நோக்கி இல்லை. சுவரில் முதலாளியின் கோடு, ஆரம்பித்த நாளிலிருந்து அசைந்து யாரும் பார்த்திராத அந்தக் கோடு, ஒரே எகிறாக எகிறி நூற்று அறுபதைத் தொட்டிருந்தது. மொத்த ஜனமும் விசிறியும் தண்ணீருமாக முதலாளியின் அறைக்குள் பாய்ந்தது. அங்கே முதலாளி சாவகாசமாக ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, படுத்துக்குங்க!"

"ஏன்யா?"

"அசையாதீங்க, பேசாதீங்க!"

வாழைப்பழத்தைப் பிடுங்கி, அவரைச் சோபாவில் கிடத்தி, நாலு பேர் விசிறினார்கள். இதற்குள் மீட்டர் காலை உதைத்து, தானே ஒருவழியாக மேலேறி, சட்டை கிழிந்து முட்டி சிராய்த்து, அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"நான் தொட்டில விழப் பாத்தேன் சார்..." என்றார் ஈனக்குரலில்.

ஆலோசகர் அவரைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"கேட்டீங்களா! தன்னோட தொழிலாளிக்கு அங்க ஆபத்து, இங்க முதலாளி இதயம் துடிக்குது! கண்ணால பாக்கல, காதால கேக்கல, இதயம் தானா துடிச்சிருக்கு! இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கிடைப்பாங்க?"

எல்லாரும் கைதட்டினார்கள். சோபாவில் படுத்திருந்த முதலாளிக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. மீட்டரும் தட்டினார். உள்ளங்கை சிராய்த்திருந்ததால் மெதுவாகத் தட்டினார். உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார் மனிதர். நமக்காக ஒருவர் இப்படித் துடிக்கிறாரே, இவரிடம் போகவா நம் நெஞ்சு பயப்படுகிறது என்று வெட்கமாகவும் இருந்தது.

இனிமேல் அந்த வெட்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை என்று முடிவு கட்டினார். தானும் பயப்படக் கூடாது, முதலாளியின் மென்மையான இதயத்தையும் நோகடிக்கக் கூடாது. எனவே அன்று சாயங்காலம் அறைக்குள் போனதும், கதவைச் சாத்திவிட்டு, மிக மிக மெதுவாக ஆரம்பித்தார்.

"முதலாளி, ஒண்ணும் பதறாதீங்க."

முதலாளியின் கை தண்ணீர் டம்ளருக்குப் போனது.

"மொதல்ல உக்காருங்க."

"உக்காந்துதானே இருக்கேன்."

"நல்லா சாஞ்சு உக்காருங்க." மாத்திரை மயக்கத்தில் மீட்டருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. லேசாக ஆடியபடி, முதலாளியையே கனிவோடு பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார்.

"சொல்லித் தொலையேன்யா!"

"எல்லாம் தேறிடுச்சு."

அன்று மீட்டரின் கோடு திரையின் மேல்விளிம்பைத் தாண்டி எங்கோ போய்விட்டது. ஆலோசகர் தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டில் மனைவி போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, தன் அக்காவுக்குத் தகவல் சொல்லி அழுதாள்.

வாங்க வருகிற பெரிய பார்ட்டி வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்தான் அவர்களுக்குத் தலைவி. ஆலோசகர் காலையிலேயே மீட்டரைப் பிடித்துவிட்டார்.

"நீங்க இன்னிக்கு வெளிய தலைகாட்ட வேண்டாம். குடோன்ல தனியா உக்காந்துக்குங்க. முதலாளி முகத்தைப் பாக்காம இருந்தா ஒருவேளை கோடு அடங்கும்."

"லீவு போட்டுடவா சார்?"

"போடலாம். ஆனா எல்லார் கோடும் ஓடணுமே."

மீட்டர் குடோனில் நூல்பெட்டிமேல் உட்கார்ந்தார். கம்பிவலை ஜன்னல் வழியே கூடம் தெரிந்தது. முதலாளி புதுக் கோட்டும் சூட்டுமாக நடுநாயகமாக நின்றார். மாத்திரையும் சேர்ந்துகொள்ள, மீட்டருக்குப் பெட்டியில் சாய்ந்தபடியே கண் சொக்கியது. நெஞ்சுக்குள் ஒரு கவலையும் இல்லை. சுகமாகத்தான் இருந்தது.

கண்ணாடி அம்மாள் திரையை அண்ணாந்து பார்ப்பது அரைக்கண்ணில் தெரிந்தது.

"உங்க துடிப்பு பிரமாதமா இருக்கே!" என்றாள் முதலாளியிடம். "இவ்வளவு பெரிய பேச்சுவார்த்தை நடக்குது, உங்களுக்கு அறுபது! தூங்குறவங்களுக்குத்தான் இப்படி இருக்கும்."

"பழக்கம்தாம்மா" என்றார் முதலாளி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"அது சரி, அந்தச் சிவப்புக் கோடு யாரோடது? நாம விலை பேசப் பேச அது ஏறிக்கிட்டே போகுதே!"

"அது எங்க நூல் பரிசோதகர். பயந்த சுபாவம். இப்பக்கூடத் தனியாத்தான் உக்காந்திருக்காரு, இருந்தும் பாருங்க!"

"ஐயோ பாவம்" என்றாள் அந்த அம்மாள்.

மீட்டருக்குத் தூக்கம் போய்விட்டது. தனியாக, அரையிருட்டில், பஞ்சு மாதிரி மனசோடு உட்கார்ந்திருக்கும்போதும் நெஞ்சு பயத்தில் துடிக்கிறது என்றால், இனி என்ன இருக்கிறது? இத்தனை வருஷமாகத் தன்னை ஒரு சாதாரண மனிதன் என்று நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய ஏமாற்று! அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. அவருக்குத்தான் தெரியவில்லை; பனியனுக்குத் தெரிந்திருக்கிறது. கையில் கிடைத்த நூல்கண்டை எடுத்து வெறுமனே தடவிக்கொடுத்துக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டார்.

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. 'இப்படி ஒரு நிதானமான மனிதரை நம்பி வாங்கலாம்' என்று அந்த அம்மாள் சொன்னதாக ஆலை முழுக்கப் பேச்சு. சாயங்காலம் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"இந்தா மீட்டர், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். பூச்சுப் பிரிவை மைத்துனன் பாத்துக்கட்டும். அவன் நிதானமானவன். நீ குடோனுக்குப் போயிடு. மீட்டர், ஊசி, ஒயர் எல்லாத்தையும் அவன்கிட்ட குடுத்துடு."

"சரிங்க முதலாளி."

"நாளைலேருந்து சாயங்காலம் நீ இந்த ரூமுக்கு வரவே வேண்டாம்" என்றார் முதலாளி. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் மீட்டர் அந்தச் சிரிப்பைப் பார்த்ததே இல்லை. தண்ணீர் டம்ளரைக்கூடத் தொடவில்லை.

எவ்வளவு நல்ல மனசு, நாம் பயப்படக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார் என்று நினைத்தார் மீட்டர். "ரொம்ப நன்றி முதலாளி" என்று கும்பிட்டார். நிஜமாகத்தான் கும்பிட்டார்.

வெளியே வந்து சட்டைப்பையைத் தடவினார். காலியாக இருந்தது. யாரும் அவரை மீட்டர் என்று கூப்பிட இனிக் காரணமில்லை. வீட்டில் போய் எப்படிச் சொல்வது, மனைவி தன் அக்காவிடம் நாற்காலியைப் பற்றி எத்தனை தடவை பீற்றிக்கொண்டாளோ என்று நினைத்துக்கொண்டே, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பனியனைக் கழற்றி மடித்துக்கொண்டு தையல் அறைக்குப் போனார்.

தையல் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். நடந்ததெல்லாம் அவர் காதுக்கும் வந்திருக்கும்போல, முகம் வாடியிருந்தது.

"மனசு விட்டுடாதீங்க சார். ஒருத்தரைக் கண்டா ஒருத்தருக்குப் பயம் இருக்கறது சகஜந்தானே."

"உண்மைதான்மா. நான் பயந்த ஆளுதான். இத்தனை நாள் தெரியாம இருந்தேன், அவ்வளவுதான்" என்று மீட்டர் மடித்த பனியனை மேஜைமேல் வைத்தார். நெஞ்சுப் பொத்தானைப் பிடுங்கி அக்காவின் உள்ளங்கையில் போட்டார்.

பொத்தான் கவிழ்ந்து விழுந்தது. அதன் உள்பக்கத்தில் இருந்த சிவப்புப் புள்ளியை அக்கா பார்த்தார். விரலால் சுரண்டிப் பார்த்தார். வாசல்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, வெளிறிப்போன முகத்தோடு மீட்டரின் காதருகே வந்தார்.

"ஐயோ சார், அடையாளத்துக்கு நகப்பூச்சுல புள்ளி வச்சது முதலாளியோட பொத்தானுக்காச்சே, அது மொதல் நாள்லேருந்து உங்ககிட்டயா இருந்துச்சு? அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார், அவருன்னா எனக்கு ரொம்பப் பயம்!"